மூன்றாம் ஜார்ஜ் ஷைரஸ்

மூன்றாம் ஜார்ஜ் ஷைரஸ் (ஜனவரி 1, 1859 - மார்ச் 24, 1942) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வழக்கறிஞர், அரசியல்வாதி, இயற்கை ஆர்வலர் மற்றும் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் ஆவார். இரவில் நடமாடும் காட்டு விலங்குகளைப் பளிச்சொளி கொண்டு முதன்முதலில் படம் பிடித்தவர்களுள் முதன்மையானவர் இவர். விலங்கே கயிற்றை இடறித் தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளும் பொறியமைப்பையும் இவர் உருவாக்கிப் பயன்படுத்தினார். இன்று காடுகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் பொருத்தப்படும் தானியங்கி ஒளிப்படக் கருவிகளுக்கு இப்பொறியே முன்னோடியாகும். வலசைப் பறவைகளை நடுவண் அரசின் பாதுகாப்பில் கொண்டுவரும் சட்ட முன்வரைவை 1904ஆம் ஆண்டில் அமெரிக்க காங்கிரசில் முன்வைத்தவரும் இவரே.

இவருடைய பாட்டனார், தந்தை ஆகிய இருவரும் ஜார்ஜ் ஷைரஸ் என்ற பெயரையே கொண்டிருந்ததால் இவர் மூன்றாம் ஜார்ஜ் ஷைரஸ் என அழைக்கப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

ஷைரஸ் பென்சில்வேனியா மாநிலத்தின் அலிகெனி நகரில் பிறந்தார். இந்நகர் 1907இல் பிட்ஸ்பர்க் நகருடன் இணைக்கப்பட்டது. தந்தை இரண்டாம் ஜார்ஜ் ஷைரஸ் புகழ்பெற்ற வழக்கறிஞராக விளங்கி, 1892 முதல் 1903 வரை ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பணியாற்றியவர்.

ஷைரஸ் குடும்பத்தினர் மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில், சுப்பீரியர் ஏரிக்கரையில் அமைந்துள்ள மார்க்கெட் நகருக்குக் கோடை காலத்தில் மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் செல்வது வழக்கம். 1870ஆம் ஆண்டில், தமது பதினோராம் வயதில், ஷைரஸ் முதன்முதலாக அங்கு சென்றார். அப்போது தொடங்கிய தொடர்பு அவருடைய வாழ்நாள் முழுவதும் நீடித்தது. மார்க்கெட்டுக்குக் கிழக்கே காட்டினுள் இருந்த வொயிட்ஃபிஷ் ஏரியும் அதன் கரையில் அமைந்த முகாமும் அவருக்கு இரண்டாவது வீடாகவே ஆயின. பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தேடித்தந்த படங்களில் பெரும்பாலானவை இந்த முகாமைச் சுற்றியே எடுக்கப்பட்டவை.

ஷைரஸ் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1881இல் பட்டம் பெற்றார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1883இல் தேர்ச்சியடைந்தார். அதன்பின் பிட்ஸ்பர்க் நகரில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். 1885இல் மார்க்கெட் நகரின் முன்னோடிக் குடியேறிகளுள் ஒருவரான பீட்டர் ஒயிட் என்பாரின் மகள் பிரான்சஸ் ஒயிட்டை மணந்தார்.

துப்பாக்கியிலிருந்து ஒளிப்படக் கருவிக்கு

ஷைரஸ் தேர்ந்த வேட்டைக்காரராக வளர்ந்தவர். சுப்பீரியர் ஏரிப் பகுதியில் வாழ்ந்த ஒஜிப்வே பழங்குடியினரிடம் மானை இரவில் வேட்டையாடும் முறை ஒன்று வழக்கில் இருந்தது. படகின் முனையில் தீயை ஏந்திய வண்ணம் ஓசையின்றி ஏரிக்கரையை ஒட்டிச் செல்வர். நீர் அருந்தவும் நீர்த்தாவரங்களை மேயவும் வந்து நிற்கும் மான், நகர்ந்துவரும் ஒளியை வியப்புடன் உற்று நோக்கியபடி அசையாமல் நிற்கும். ஒளிக்குப் பின்னால் இருளில் அமர்ந்திருக்கும் மனிதனை அதனால் காண இயலாது. மனிதனுக்கோ மானின் இரு கண்களும் இருளில் பளபளப்பது தெரியும். அக்கண்களைக் குறி வைத்தே வேட்டை நிகழும். வெள்ளையர்களும் தீக்குப் பதிலாக மண்ணெண்ணெய் விளக்கைக் கொண்டு இம்முறையைக் கையாண்டனர். ஷைரசும் சிறுவயதிலேயே இதைக் கற்றுக்கொண்டார்.

1889ஆம் ஆண்டில் ஷைரஸ் துப்பாக்கிக்குப் பதிலாக ஒளிப்படக் கருவியைக் காட்டுக்குள் கொண்டுசெல்லத் தொடங்கினார். தொடக்கத்தில் பகல் வெளிச்சத்தில், மறைவிடங்களில் காத்திருந்து மான்களைப் படம் பிடித்தார். ஆயினும் வேட்டைக்கு உள்ளாகும் விலங்குகளில் பல இரவிலேயே வெளிவருபவை. எனவே தாம் அறிந்த விளக்கு வேட்டை முறையையே அவர் ஒளிப்படத்துக்குப் பொருத்தினார். படகும் விளக்கும் இருளும் அப்படியே இருக்க, துப்பாக்கியின் இடத்தில் ஒளிப்படக் கருவியும் குண்டின் இடத்தில் மக்னீசியத் தூளும் அமர்ந்தன.

வேட்டைக்கு வேண்டிய பொறுமை, காற்றின் திசை அறிதல், விலங்கின் தடம் அறிதல் ஆகிய அனைத்தும் ஒளிப்படத்துக்கும் தேவை என்பதும், விலங்கைக் கொல்லாமலேயே வேட்டையின் இன்பத்தைப் பெறலாம் என்பதும் ஷைரசின் கருத்தாகும். துப்பாக்கிக்காரனுக்கு வேட்டை தடைசெய்யப்பட்ட பருவம் உண்டு. ஒளிப்படக்காரனுக்கு அது இல்லை. ஒரே மானைப் பலமுறை படம் பிடிக்கலாம். இக்கருத்தை அவர் தமது கட்டுரைகளில் தொடர்ந்து வலியுறுத்தி வந்தார். எனினும் அவர் வேட்டையை முற்றாக எதிர்த்தவர் அல்லர். கட்டுப்பாடற்ற வேட்டையால் விலங்குகள் அற்றுப்போவதையே எதிர்த்தார்.

இரவு ஒளிப்படம்

அக்காலத்தில் இன்றுள்ளது போன்ற மின் பளிச்சொளி விளக்குகள் இல்லை. ஒளிக்காக மக்னீசியத் தூளை எரிக்க வேண்டியிருந்தது. ஷைரஸ் தொடக்கத்தில் பயன்படுத்திய கருவியில் ஸ்பிரிட் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். அச்சுடர்களின் மீது மக்னீசியத் தூளை ஊதும்போது கண்ணைப் பறிக்கும் வெண்ணொளி தோன்றும். காற்று வீசினால் விளக்குகள் அணைந்துவிடும். ஈரம் பட்டால் தூள் எரியாது. வேகமாக எரியும் தூள் கலவைகள் வெடிக்கும் தன்மை கொண்டவையாதலால் இப்பணியில் ஆபத்தும் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடித் தட்டு தேவைப்பட்டது. ஒருமுறை ஒளி வெடித்தால் கரையிலுள்ள விலங்குகள் அனைத்தும் ஓடிவிடும். ஆகவே ஓர் இரவு முழுவதும் படகில் சுற்றி ஒரேயொரு படத்துடன் திரும்புவதும், அதுவும் இன்றித் திரும்புவதும் உண்டு.

இப்பயணங்களில் ஜான் ஹாமர் என்பவர் படகைச் செலுத்தி உதவினார். ஷைரஸ் படகின் முன்புறம் கருவிகளுடன் அமர்ந்திருக்க, ஹாமர் பின்புறம் அமர்ந்து துடுப்பை நீரிலிருந்து எடுக்காமலேயே ஓசையின்றிச் செலுத்துவார். இவ்விருவரும் விளக்குப் படகில் அமர்ந்திருக்கும் 1893ஆம் ஆண்டுப் படம் ஷைரசின் நன்கு அறியப்பட்ட படங்களுள் ஒன்று.

இரண்டு ஒளிப்படக் கருவிகளை அடுத்தடுத்துப் பயன்படுத்தும் முறையையும் ஷைரஸ் கையாண்டார். முதல் பளிச்சொளியில், அமைதியாக நிற்கும் விலங்கு பதிவாகும். ஒளியால் மிரண்டு அது பாயும் கணத்தில் இரண்டாவது பளிச்சொளி வெடித்து அப்பாய்ச்சலைப் பதிவு செய்யும். இருளின் பின்னணியில் மான்கள் அந்தரத்தில் நிற்பது போன்ற இப்படங்கள் அக்கால மக்கள் கண்டிராதவை.

நள்ளிரவு வரிசை என அழைக்கப்படும் இவருடைய மான் படங்கள் 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றன. 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியிலும் இவருடைய படங்கள் பரிசு பெற்றன.

கயிறுப்பொறி ஒளிப்படம்

படகில் சென்று எடுக்கும் முறையால் நீர்க்கரைக்கு வரும் விலங்குகளை மட்டுமே படம் பிடிக்க முடிந்தது. மேலும் மனிதன் அருகில் இருப்பதை மோப்பத்தால் உணரும் விலங்குகள் அவ்விடத்துக்கே வருவதில்லை. இதற்குத் தீர்வாக ஷைரஸ் மனிதன் இல்லாமலேயே இயங்கும் அமைப்பை உருவாக்கினார்.

விலங்கு நடக்கும் தடத்தின் குறுக்கே மெல்லிய கயிறு கட்டப்பட்டது. அல்லது கயிற்றின் முனையில் இரை கட்டி வைக்கப்பட்டது. கயிற்றின் மறுமுனை ஒளிப்படக் கருவியின் ஷட்டருடனும் பளிச்சொளிக் கருவியுடனும் இணைக்கப்பட்டிருக்கும். விலங்கு கயிற்றை இடறினாலோ இரையை இழுத்தாலோ ஒளி வெடித்துப் படம் பதிவாகும். காலையில் சென்று தட்டை எடுத்துக் கழுவிப் பார்க்கும்வரை வந்தது எந்த விலங்கு என்பது தெரியாது.

கயிற்றால் ஷட்டரை இயக்குவது ஷைரசுக்கு முன்பும் அறியப்பட்டதே. எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில், ஓடும் குதிரை கயிறுகளை அறுத்துச் செல்லும்படி அமைத்து அதன் ஓட்டத்தைப் பல கருவிகளில் பதிவு செய்தார். ஆனால் அது பழக்கிய விலங்கு, பகல் வெளிச்சம், ஆயத்தம் செய்யப்பட்ட ஓடுபாதை. இதைக் காட்டுக்கும் இரவுக்கும் காட்டு விலங்குக்கும் உரியதாக்கியதே ஷைரசின் பங்களிப்பாகும்.

ஒவ்வொரு விலங்கின் இயல்புக்கும் ஏற்பப் பொறியை மாற்றியமைப்பதில் ஷைரஸ் வல்லவராக இருந்தார். பீவர் என்னும் விலங்கு ஓடைகளின் குறுக்கே மரக்கிளைகளாலும் மண்ணாலும் அணை கட்டி வாழ்வது. அணை உடைந்தால் அதைச் சரிசெய்ய இரவிலேயே வந்துவிடும். ஷைரஸ் அணையில் சிறிது உடைப்பை ஏற்படுத்தி, அங்கிருந்த குச்சி ஒன்றில் கயிற்றைக் கட்டினார். பழுது பார்க்க வந்த பீவர் அக்குச்சியை அசைத்தபோது அதன் படம் பதிவானது. ரக்கூன்களுக்கு இரை வைத்துப் படம் பிடித்தார். அவை இரையைத் திருடிச் செல்லும் வழக்கம் உடையவையாதலால் இம்முயற்சி பலமுறை அவரைச் சோதித்தது. வெண்முள்ளம்பன்றி ஒன்றையும் தந்திரமிக்க ரக்கூன் ஒன்றையும் பற்றி அவர் 1911இல் எழுதிய கட்டுரை வாசகர்களைக் கவர்ந்தது. பகலிலும் இரவிலும் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொண்ட காட்டு விலங்குகள் என்னும் பொருள்படும் தலைப்புடன் அவர் 1913இல் எழுதிய கட்டுரை இம்முறையை விரிவாக விளக்குகிறது.

இம்முறைக்குக் குறைகளும் இருந்தன. ஒரு தட்டில் ஒரு படம் மட்டுமே எடுக்க முடியும் என்பதால், காற்றில் விழும் கிளையோ முயலோ கயிற்றை இழுத்துவிட்டால் அன்றைய இரவு வீணாகும். வெடித்து எழும் ஒளியும் ஓசையும் விலங்குகளை அச்சுறுத்தின. இரை வைத்து விலங்குகளை வரவழைப்பது அவற்றின் இயல்பை மாற்றும் என்ற கேள்வி இன்றளவும் காட்டுயிர் ஒளிப்படத் துறையில் விவாதிக்கப்படுகிறது.

நேசனல் ஜியாகரபிக் இதழ்

1906ஆம் ஆண்டு ஜூலை மாத நேசனல் ஜியாகரபிக் இதழில் ஷைரசின் 74 படங்கள் ஒருசேர வெளியாயின. எழுத்து மிகக் குறைவாகவும் படங்களே பெரும்பகுதியாகவும் அமைந்த கட்டுரை அது. இரவில் எடுக்கப்பட்ட காட்டுயிர்ப் படங்கள் அவ்விதழில் வெளியானது அதுவே முதல்முறையாகும்.

அந்நாளில் நேசனல் ஜியாகரபிக் அறிஞர்களுக்கான புவியியல் இதழாகவே கருதப்பட்டது. ஆசிரியர் கில்பர்ட் குரோவ்னர் படங்களுக்கு முதன்மை அளித்தது கழகத்தின் நிர்வாகக் குழுவில் எதிர்ப்பைக் கிளப்பியது. அறிவியல் இதழ் படப் புத்தகமாக மாற்றப்படுகிறது எனக் கருதிய இரு உறுப்பினர்கள் குழுவிலிருந்து விலகினர். ஆனால் வாசகர்களிடையே கிடைத்த வரவேற்பு குரோவ்னரின் முடிவை உறுதிப்படுத்தியது. ஒளிப்படங்களுக்குப் பெயர்பெற்ற இதழாக நேசனல் ஜியாகரபிக் வளர்ந்ததில் ஷைரசின் படங்கள் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகின்றன. பின்னாளில் ஷைரசே அக்கழகத்தின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றார். 1928இல் தம்மிடம் இருந்த ஏறத்தாழ 2,400 கண்ணாடித் தட்டுகளைக் கழகத்துக்கு வழங்கினார்.

அரசியல் வாழ்வும் வலசைப் பறவைச் சட்டமும்

ஷைரஸ் 1889-1890ஆம் ஆண்டுகளில் பென்சில்வேனியா மாநிலப் பிரதிநிதிகள் அவை உறுப்பினராக இருந்தார். 1903 மார்ச் 4 முதல் 1905 மார்ச் 3 வரை ஐக்கிய அமெரிக்க காங்கிரசின் கீழவையில் சுயேச்சைக் குடியரசுக் கட்சி உறுப்பினராகப் பணியாற்றினார். மீண்டும் போட்டியிட அவர் விரும்பவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் செய்த ஒரு செயல் நிலையான பயனைத் தந்தது.

அக்காலத்தில் வாத்துகளும் பிற நீர்ப்பறவைகளும் சந்தையில் விற்பதற்காகப் பெருமளவில் கொல்லப்பட்டன. இனப்பெருக்கத்துக்காக வடக்கு நோக்கிச் செல்லும் வசந்த காலத்திலும் அவை சுடப்பட்டன. காட்டு விலங்குகள் மீதான உரிமை அந்தந்த மாநிலத்துக்கே உரியது என்பதே சட்ட நிலையாக இருந்தது. 1896ஆம் ஆண்டு கீர் எதிர் கனெடிகட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்திருந்தது. அத்தீர்ப்பு வந்தபோது அந்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர்களுள் ஷைரசின் தந்தையும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது.

வலசைப் பறவை சில வாரங்களில் பல மாநிலங்களையும் நாட்டெல்லையையும் கடந்துவிடும். ஒரு மாநிலம் அதைப் பாதுகாத்தாலும் அடுத்த மாநிலம் சுட்டு வீழ்த்தலாம். எந்த மாநிலத்திலும் நிலையாகத் தங்காத பறவையை மாநிலச் சட்டம் காக்க இயலாது. நடுவண் அரசே காக்க முடியும் என்பது ஷைரசின் வாதம். இதன் அடிப்படையில் 1904 டிசம்பரில் அவர் சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தார். அரசியல் சட்டம் இதற்கு இடந்தராது எனப் பலர் கருதியதால் அது நிறைவேறவில்லை. சில மாதங்களில் அவருடைய பதவிக்காலமும் முடிந்தது.

ஆனால் கருத்து மறையவில்லை. 1913இல் வீக்ஸ்-மெக்ளீன் சட்டம் நிறைவேறி வலசைப் பறவைகள் நடுவண் அரசின் பாதுகாப்பில் வந்தன. அடுத்த ஆண்டிலேயே, 1914 செப்டம்பர் 1 அன்று, சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் பயணிப் புறா இனத்தின் கடைசிப் பறவை இறந்தது. ஒரு காலத்தில் வானை மறைக்கும் கூட்டங்களாகப் பறந்த இனம் அது. வேட்டையே அதன் அழிவுக்கு முதன்மைக் காரணமாகும்.

கீழ் நீதிமன்றங்கள் சில 1913ஆம் ஆண்டுச் சட்டத்தை அரசியல் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தன. இதைத் தவிர்க்க ஐக்கிய அமெரிக்கா 1916இல் கனடாவின் சார்பாக ஐக்கிய இராச்சியத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அவ்வுடன்படிக்கையைச் செயற்படுத்த 1918இல் வலசைப் பறவை உடன்படிக்கைச் சட்டம் இயற்றப்பட்டது. 1920இல் மிசூரி எதிர் ஹாலந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஷைரஸ் முன்வரைவைக் கொண்டுவந்து ஏறத்தாழ 16 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய நோக்கம் முழுமையாக நிறைவேறியது.

பயணங்கள்

ஷைரஸ் தமது கருவிகளுடன் கனடா, நியூபவுண்ட்லாந்து, அலாஸ்கா, புளோரிடா, பனாமா முதலிய இடங்களுக்கும் சென்றார். 1908ஆம் ஆண்டு முதல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் தென்கிழக்குப் பகுதிக்குச் சென்றபோது, மான் குடும்பத்தின் மிகப்பெரிய விலங்கான மூஸ் அங்குப் பெரும் எண்ணிக்கையில் வாழ்வதைக் கண்டறிந்தார். அவற்றைத் தனித் துணையினமாக விவரித்த எட்வர்ட் நெல்சன், 1914இல் அதற்கு ஷைரசின் பெயரைச் சூட்டினார். ராக்கி மலைத்தொடரில் வாழும் இவ்விலங்கு இன்றும் ஷைரஸ் மூஸ் என்றே அழைக்கப்படுகிறது.

நூல்

குடியரசுத் தலைவர் தியடோர் ரூசவெல்ட் ஷைரசின் படங்களைப் பாராட்டி, அனுபவங்களை விரிவான நூலாக எழுதுமாறு அவரை ஊக்குவித்தார். ஆனால் அந்நூல் வெளிவர நெடுங்காலம் ஆயிற்று. ரூசவெல்ட் 1919இல் காலமானார். ஒளிப்படக் கருவியாலும் பளிச்சொளியாலும் காட்டுயிர் வேட்டை எனப் பொருள்படும் இரு தொகுதி நூலை நேசனல் ஜியாகரபிக் கழகம் 1935இல் வெளியிட்டது. ஏறத்தாழ 950 படங்களைக் கொண்ட அந்நூல் வெளியானபோது ஷைரசுக்கு வயது 76.

மறைவு

ஷைரஸ் 1942 மார்ச் 24 அன்று மார்க்கெட் நகரில் தமது 83ஆம் வயதில் காலமானார். அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 2015இல் பாரிஸ் நகரின் வேட்டை மற்றும் இயற்கை அருங்காட்சியகத்தில் அவருடைய இரவுப் படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

தாக்கம்

ஷைரசுக்குப் பின் கயிறுப்பொறி ஒளிப்படம் பல நாடுகளுக்குப் பரவியது. பறவையியலாளர் பிராங்க் சாப்மன் 1920களில் பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் இம்முறையால் அங்குள்ள பாலூட்டிகளைப் பதிவு செய்தார். அதே காலத்தில் இந்திய வனத்துறை அதிகாரியான எஃப். டபிள்யூ. சாம்பியன் சிவாலிக் மலைக் காடுகளில் புலிகளை இவ்வாறு படம் பிடித்தார். ஒவ்வொரு புலியின் வரிகளும் வேறுபடுவதால் படங்களைக் கொண்டு தனித்தனிப் புலிகளை அடையாளம் காணலாம் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

இன்றைய கருவிகளில் கயிற்றின் இடத்தை அகச்சிவப்பு உணரி பிடித்துள்ளது. சுற்றுப்புறத்தைவிட வேறுபட்ட வெப்பநிலையுடைய உடல் உணரியின் பார்வைப் பரப்பில் நகரும்போது கருவி இயங்குகிறது. மக்னீசிய வெடிப்புக்குப் பதிலாக, மனிதக் கண்ணுக்கு மங்கலாகவோ அறவே புலப்படாமலோ இருக்கும் அகச்சிவப்பு ஒளி பயன்படுத்தப்படுகிறது. ஒரே நினைவக அட்டையில் ஆயிரக்கணக்கான படங்கள் நேரத்துடன் பதிவாகின்றன. வெயிலில் சூடேறிய இலைகள் காற்றில் அசைந்தாலும் கருவி இயங்கிவிடுவது உண்டு. ஷைரசின் கயிற்றில் விழுந்த கிளை ஏற்படுத்திய அதே சிக்கல் இது. வேறுபாடு என்னவெனில் இன்று அதனால் ஓர் இரவு வீணாவதில்லை.

2018ஆம் ஆண்டு இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கி ஒளிப்படக் கருவிகள் வைக்கப்பட்டன. முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை ஆகிய தமிழகப் புலிகள் காப்பகங்களும் இக்கணக்கெடுப்பில் அடங்கும். வீட்டுக் கொல்லைப்புறத்தில் இரவில் வந்துபோகும் மரநாயையோ முள்ளம்பன்றியையோ அறிந்துகொள்ளத் தனி நபர்களும் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். விலங்கைத் தொடராமல், அதன் தடத்தில் கருவியை வைத்துவிட்டு மனிதன் விலகி நிற்பதே இம்முறையின் அடிப்படை. வொயிட்ஃபிஷ் ஏரிக்கரையில் ஷைரஸ் கண்டறிந்ததும் அதுவே.